நாலு எலுமிச்சம்பழமும் ஒரு எல்.இ.டி. பல்பும்: ஆறாம் வகுப்பின் இரண்டாம் பருவம்

கேட்கப்பட்டது இது: "அண்ணன் மகள் புதுக்கோட்டைப் பக்கம் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். நான் வெளிநாட்டில் இருக்கிறேன். போனில் கேட்டால் செயல்பாடு, மன்றம், கலைத் திருவிழா என்றே சொல்கிறாள். போன வாரம் பள்ளிக்கு எலுமிச்சம்பழம் நாலு கேட்டாளாம். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் இந்தப் பருவத்தில் உண்மையில் என்ன நடத்துகிறார்கள்? படிப்பு நடக்கிறதா?"

எலுமிச்சம்பழத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை நானும் கேட்கிற ஆள்தான். பத்தொன்பது வருடமாக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். இப்போது வேலை உங்கள் மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில்.

ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவ அறிவியலில் வெப்பம், மின்னியல், மாற்றங்கள், காற்று, செல், மனித உறுப்பு மண்டலங்கள், கணினியின் பாகங்கள் என்று பாடங்கள் போகும். எலுமிச்சை மின்னியலுக்கு. பழத்தில் ஒரு பக்கம் துத்தநாகம் பூசிய ஆணி, மறுபக்கம் செம்புக் கம்பி. ஒரு பழத்தில் கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதை வைத்து டார்ச் பல்பை எரியவிடலாம் என்று நினைத்துத்தான் எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். எரியாது. நாலு பழத்தைத் தொடராக இணைத்து, டார்ச் பல்புக்குப் பதில் சின்ன சிவப்பு எல்.இ.டி.யைச் செருகினால் மினுக்கென்று எரியும். அதுவும் நீளமான கால் செம்புப் பக்கம் இருந்தால்தான். மாற்றிச் செருகிய பிள்ளை "சார், என் பழம் கெட்டுப்போன பழம்" என்பாள். காலைத் திருப்பிச் செருகு என்று சொல்லாமல் பத்து நிமிஷம் சும்மா நின்றால் அவளே திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். அந்தப் பத்து நிமிஷத்தில் மின்னோட்டத்துக்குத் திசை உண்டு என்பதும், தொடர் இணைப்பு என்றால் என்ன என்பதும் அவளுக்குள் போய்விடும். ஆகவே படிப்பு நடக்கிறது. நீங்களும் நானும் படித்தபோது அதற்கு வேறு முகம் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் பருவம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் காலத்தில் ஜூனில் கொடுத்த புத்தகத்தை ஏப்ரல் வரை சுமந்தோம். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு புத்தகம், காலாண்டு விடுமுறை முடிந்து வந்தால் அடுத்தது, பொங்கலை ஒட்டி மூன்றாவது. இப்போது கையில் இருக்கும் புத்தகங்கள் ஆறாம் வகுப்புக்கு 2018-19இலும், ஏழு எட்டுக்கு அடுத்த ஆண்டும் புதிதாக எழுதப்பட்டவை. இவற்றில் ஆறு, ஏழுக்குத்தான் பருவப் புத்தகம். எட்டாம் வகுப்புக்கு ஆண்டு முழுதும் ஒரே புத்தகம். ஒன்பதாம் வகுப்பில் போய்த் திடீரென்று தடிமனான புத்தகத்தைப் பார்த்துப் பயப்படக்கூடாது என்பதற்கு ஒரு ஒத்திகை என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

மதிப்பெண் நூற்றில் நாற்பது வளரறி மதிப்பீட்டுக்கு. பள்ளியில் எஃப்.ஏ. என்போம். அதில் இருபது செயல்பாடுகளுக்கு, இருபது சின்னச் சின்னத் தேர்வுகளுக்கு. மீதி அறுபது டிசம்பரில் வரும் தொகுத்தறித் தேர்வுக்கு. உங்கள் அண்ணன் மகள் செயல்பாடு என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த எஃப்.ஏ.தான்.

இனி பாடங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே அளவில் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்ததை அதிகம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இந்தப் பருவத்தின் உயிர்நாடி, என்னைக் கேட்டால், மயங்கொலிகள். ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. நான் தமிழாசிரியர் இல்லை. ஆனால் எங்கள் பள்ளியில் தமிழம்மா இந்தப் பாடம் நடத்தும்போது வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்கள் நமக்குத் தெரியும். ஏன் அந்தப் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ண்-க்குப் பின்னால் ட வரும்: கண்டம், வண்டி. ன்-க்குப் பின்னால் ற வரும்: கன்று, தென்றல். ந்-க்குப் பின்னால் த வரும்: பந்து, சந்தை. இது தெரிந்துவிட்டால் பாதித் தவறு போய்விடும். மீதிப் பாதி பொருளைப் பிடித்தால்தான் போகும். தீபாவளி முடிந்து வந்ததும் சொல்வதை எழுதச் சொன்னார்கள். வகுப்பில் முக்கால்வாசி "வானவேடிக்கை" என்று எழுதியிருந்தது. "வாணம்னா வெடி, அதுக்கு இந்த ண" என்று தமிழம்மா சொல்ல, ஒரு பையன் எழுந்து "வானத்துக்குப் போய்த்தானே டீச்சர் வெடிக்குது?" என்றான். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வகுப்பில் இனி யாரும் அதைத் தப்பாக எழுத மாட்டார்கள்.

ழகரம் வேறு கதை. வீட்டில் "வாளப்பளம்" என்று பேசுகிற பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்தால் வாயையே திறக்காது. பேசுவது பேசட்டும், எழுதும்போது அலை, அளை, அழை மூன்றும் வேறு வேறு என்று தெரிந்தால் போதும் என்பது தமிழம்மா கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

அதே புத்தகத்தில் தாலாட்டு ஒன்று இருக்கிறது. தால் என்றால் நாக்கு, நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. அதற்கான செயல்பாடு, வீட்டில் ஆத்தாவிடமோ அப்பத்தாவிடமோ ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதி வருவது. இதில்தான் ஒரு வருத்தம். முப்பது பிள்ளைகளில் பத்துப் பேர் சொந்தமாகக் கேட்டு எழுதினார்கள், மற்றவர்கள் போனில் தேடி எடுத்ததை அப்படியே காப்பி அடித்திருந்தார்கள். அந்தப் பத்தில் ஒன்று, மாமன் மலேசியாவுக்குக் கப்பலேறிப் போனதைச் சொல்லும் பாட்டு. அந்தக் கிழவியின் பேத்திக்கே அதுவரை அப்படி ஒரு பாட்டு வீட்டில் இருப்பது தெரியாது.

கணக்கில் ஆறாம் வகுப்புக்கு எண்கள், அளவைகள், பட்டியல் (பில்) இலாபம் நட்டம், வடிவியல், தகவல் செயலாக்கம். எண்கள் என்றால் பகா எண்கள், வகுபடும் விதிகள், மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு). கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கணக்கு சார் பஸ்ஸை வைத்துச் சொல்லிக்கொடுப்பார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சிக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று, தஞ்சாவூருக்கு இருபது நிமிஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். ஆறு மணிக்கு இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் அடுத்து எப்போது ஒன்றாகக் கிளம்பும்? ஏழு மணிக்கு. அறுபது, அதுதான் மீ.பொ.ம. அதுவே 24 நெல்லிக்காயையும் 36 கொய்யாவையும் மிச்சமில்லாமல் ஒரே மாதிரிப் பைகளில் பிரித்தால் அதிகபட்சம் எத்தனை பை? பன்னிரண்டு. அது மீ.பொ.கா. சூத்திரமாகச் சொன்னால் மறந்துவிடும், பஸ்ஸும் நெல்லிக்காயும் மறக்காது.

பட்டியல், இலாபம், நட்டம் பாடமும் தமிழில் வணிகம் பற்றிய பாடமும் ஒரே பருவத்தில் வருகின்றன. புத்தகம் எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்தார்களா தெரியாது, எங்களுக்கு வசதியாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் சந்தை வைப்போம். கீரை, கொய்யா, பனங்கிழங்கு, கடலை மிட்டாய், வீட்டுச் சுண்டல். ஒவ்வொரு கடைக்காரரும் அடக்க விலை, விற்ற விலை எழுதிக் காட்ட வேண்டும், வாங்குகிறவருக்கு பில் போட்டுத் தர வேண்டும். போன வருஷம் ஒரு பையன் 80 ரூபாய்க்கு ஐம்பது கடலை மிட்டாய் வாங்கி, ஒன்று இரண்டு ரூபாய் என்று விற்றான். இருபது ரூபாய் லாபம் வர வேண்டும். மாலையில் கணக்குப் பார்த்தால் நாலு ரூபாய் நட்டம். பன்னிரண்டு மிட்டாயை முதலாளியே தின்றிருந்தான். "தின்னதையும் செலவில் எழுதணுமா சார்?" என்று அவன் கேட்டது நல்ல கேள்வி. பல பெரிய கடைக்காரர்களுக்கே அதற்குப் பதில் தெரியாது.

அளவைகளில் மெட்ரிக் மாற்றங்களோடு நேரமும் வரும். இருபத்து நாலு மணி நேரக் கணக்கு, நெட்டாண்டு (லீப் வருஷம்). ரயில் டிக்கெட் ஒன்றைப் படம் எடுத்து அனுப்புங்கள், அவளே 21:40 என்றால் எத்தனை மணி என்று சொல்வாள்.

ஆங்கிலம் பற்றிச் சுருக்கமாக. உரைநடை, செய்யுள், துணைப்பாடம் எல்லாம் இருக்கின்றன. புத்தகம் பிள்ளைகளுக்குச் சற்று உயரத்தில் இருக்கிறது. வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் பாடம் வெறும் எழுத்துக்கூட்டம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சமூக அறிவியலில் ஆறாம் வகுப்புக்கு வேத காலம், பெருங்கற்காலம், சமணமும் பௌத்தமும், குடித்தலைமையிலிருந்து பேரரசு வரை. புவியியலில் வளங்கள். குடிமையியலில் தேசியச் சின்னங்கள், அரசமைப்புச் சட்டம். இதில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். சித்தன்னவாசலுக்கு ஒரு நாள் கூட்டிப்போனால் இரண்டு பாடம் முடிந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள். மேலே ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமண முனிவர்கள் படுத்த பதினேழு வழுவழுப்பான கற்படுக்கைகள், பக்கத்தில் தமிழ்பிராமி எழுத்து. கீழே அறிவர் கோயிலின் கூரையில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியம். எங்கள் பிள்ளைகள் முதலில் செய்தது படுக்கையில் படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டது. பாறை எவ்வளவு சில்லென்று இருக்கும், தலையணை ஏன் கல்லிலேயே வெட்டியிருக்கிறது, சாப்பாடு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேள்விகள் வந்தன. துறவு என்ற சொல்லை நான் வகுப்பில் எப்படி விளக்கியிருந்தாலும் இந்தக் கேள்விகள் வந்திருக்காது. மழை நாளில் மட்டும் போகாதீர்கள், ஏழடிப்பட்டத்துக்கு ஏறும் பாறை வழுக்கும். இரும்புக் கம்பி வேலி இருந்தாலும் நாற்பது பிள்ளைகளோடு அங்கே நின்றால் எனக்குத்தான் கால் நடுங்குகிறது.

அரசமைப்புச் சட்டப் பாடம் சரியாக நவம்பரில் வந்து விழுகிறது. 1949 நவம்பர் 26 அது ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள், ஆகவே அன்று ப்ரேயரில் முகப்புரை வாசிப்போம். பிறகு வகுப்புக்கு ஒரு சட்டம் எழுதச் சொல்வேன். "பேனா கடன் வாங்கினால் அன்றே திருப்பித் தர வேண்டும்" என்பது முதல் பிரிவு. "சார் லேட்டாக வந்தாலும் வெளியே நிற்க வேண்டும்" என்பது ஏழாவது. ஓட்டெடுப்பில் அது ஏகமனதாக நிறைவேறியது. அந்த வருடம் இரண்டு தடவை நின்றேன்.

ஏழாம் வகுப்பைப் பார்த்தால் அறிவியலில் ஆறாம் வகுப்பின் நிழல் தெரியும். அங்கேயும் வெப்பம், மின்னோட்டம், மாற்றங்கள், செல். ஆனால் ஒரு படி ஆழம். ஆறாவதில் மூன்று கிண்ணம் தண்ணீர் வைத்து, ஒரு கையைச் சூட்டிலும் மறுகையைக் குளிரிலும் வைத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பில் முக்கினால் ஒரு கைக்குக் குளிர்கிறது, மறுகைக்குச் சுடுகிறது என்று பார்க்கிறார்கள். கையை நம்ப முடியாது என்று தெரிகிறது. ஏழாவதில் அப்படியானால் எதை நம்புவது என்று வெப்பநிலைமானிக்குப் போகிறார்கள். கணக்கில் தசமமும் வட்டத்தின் பரப்பளவும், வரலாற்றில் விஜயநகரம், முகலாயர், மராத்தியர். தசமம் ஏழாவதின் முட்டுச்சந்து. 0.35 பெரிதா, 0.4 பெரிதா என்றால் "முப்பத்தஞ்சுதான் பெரிசு" என்று ஒரு கூட்டமே கத்தும். முப்பத்தைந்து காசா, நாற்பது காசா என்று கேட்டால் முன்பு தெளிந்துவிடும். இப்போதைய பிள்ளைகள் காசையே பார்த்ததில்லை, அதனால் அளவுகோலை எடுத்து மில்லிமீட்டர் கோடுகளை எண்ண வேண்டியிருக்கிறது.

செல் பாடத்துக்கு ஒரு வார்த்தை. வெங்காயத் தோலை உரித்து, சிவப்புச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எங்களிடம் இருப்பது கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கி, ஜன்னல் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். இந்தப் பாடம் வருவதோ வடகிழக்குப் பருவமழையில். நவம்பர் மூட்டத்தில் ஒன்றும் தெரியாது. இப்போது செல்போன் டார்ச்சை அடியில் வைத்துச் சமாளிக்கிறோம். செங்கல் அடுக்கியதுபோல வரிசை வரிசையாகத் தெரிந்ததும் எப்போதும் யாராவது ஒரு பிள்ளை "சார், இது நெசமாவே வெங்காயத்துக்குள்ள இருக்கா?" என்று கேட்கும். மழை விடுமுறைகள் இந்தப் பருவத்தின் தலைவலி. கலெக்டர் விடுமுறை அறிவித்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பிறகு சனிக்கிழமை ஈடுகட்ட வேண்டும்.

எட்டாம் வகுப்பில் இந்த மாதங்களில் காற்றில் இருக்கும் சொல் என்.எம்.எம்.எஸ். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வு. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து குறைவு. மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் காலையும் மாலையும் தனியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பது இதற்குத்தான். வீட்டில் எட்டாவது பிள்ளை இருந்தால் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு இரண்டையும் முன்கூட்டியே தயார் செய்யச் சொல்லுங்கள். பாஸ் செய்துவிட்டு ஆதாரில் பெயர் எழுத்து மாறியிருப்பதால் பணம் வராமல் அலைகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள் சொன்ன மன்றம், வானவில் மன்றமாக இருக்கும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கி வைத்த திட்டம். ஆறு முதல் எட்டு வரை அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்து காட்ட வெளியிலிருந்து கருத்தாளர் வருவார். வேறு முகம் வந்து சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கேட்கிறார்கள், எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழு பிரித்திருப்பார்கள். பாலைக் குழுவில் விழுந்த பிள்ளை முதல் நாள் அழும். கலைத் திருவிழா பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போகும். வில்லுப்பாட்டுக்கு ஒத்திகை பார்க்கும் வாரத்தில் கணக்குப் பீரியட் போகிறதே என்று எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலை நிமிராத ஒருத்தி மேடையில் பறையை அடித்துக்கொண்டு ஆடியதைப் பார்த்த பிறகு அந்த மனக்குறையைச் சத்தமாகச் சொல்வதில்லை.

இப்போது வாசிப்பு. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கக்கூடியவர்களாக வருவதில்லை. எட்டு வரை ஃபெயில் போடுவதில்லை. அது சரியான கொள்கை என்றே நினைக்கிறேன், பத்து வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கினால் அது படிக்கப் போவதில்லை, செங்கல் சூளைக்குத்தான் போகும். ஆனால் ஃபெயில் போடாவிட்டால் வேறு எதையாவது செய்ய வேண்டும். 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை "திறன்" என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருப்பது அதற்குத்தான்: பின்தங்கியவர்களைக் கண்டறிந்து தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையைத் தனியாகப் பயிற்றுவிப்பது. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களும் பள்ளியில் கிடக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருப்பது நுழை. ஏழாவது படிக்கும் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு அதை நோட்டுக்குள் ஒளித்து வைத்துப் படிப்பான். படிக்கிறான் அல்லவா, ஒளித்துப் படிக்கட்டும்.

செயல்பாடுகளில் குறை சொல்ல வேண்டுமானால் சார்ட் பேப்பரைச் சொல்வேன். தேசியச் சின்னங்கள், உறுப்பு மண்டலம் என்றால் ஸ்டேஷனரி கடையில் ஐந்து ரூபாய்க்குப் படத்தாள் விற்கிறார்கள். வாங்கி, வெட்டி, ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டால் பத்துக்குப் பத்து. பாதி வீடுகளில் ஒட்டுவது அம்மா. அதில் பிள்ளை கற்றது கத்தரிக்கோல் பிடிப்பது மட்டும். எங்களிலும் சிலர் மதிப்பெண் பதிவேட்டை நிரப்ப வேண்டிய அவசரத்தில் அதையே கேட்டு வாங்குகிறோம், மறைக்க ஒன்றுமில்லை. நான் இப்போது படம் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். நுரையீரலுக்கு பாட்டிலை வெட்டி பலூன் கட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். அடியில் கட்டியதை இழுத்தால் உள்ளே இருக்கும் பலூன் உப்ப வேண்டும், உப்பாவிட்டால் எங்கே காற்று போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நீங்கள் பொங்கலுக்கு வருவதாக இருந்தால், அவளுக்கு டேப் வாங்கி வர வேண்டாம். அவளுடைய தமிழ்ப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். திக்காமல் வாசித்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். திக்கினால் திட்டாமல் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கு வந்து மதிப்பெண் கேட்கும் சித்தப்பாக்கள் நிறைய உண்டு. வாசிப்பைப் பற்றிக் கேட்டு ஒருவரும் இதுவரை வந்ததில்லை. அப்புறம், போனில் கேட்கும்போது "என்ன படிச்ச?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "பல்பு எரிஞ்சுச்சா?" என்று கேளுங்கள்.